குப்புறக் கிடத்தச் சொன்ன புத்தகங்கள்

போன வருடக் கடைசியில் எங்கட வாசிப்பு வட்டத்தில் ஒருத்திக்குப் பெண்பிள்ளை பிறந்தது. மாதத்தில் ஒருக்கால் கூடி, வாசித்த புத்தகத்தையும் பார்த்த படத்தையும் வைத்துச் சண்டை பிடிக்கிற ஆக்கள் நாங்கள். பிள்ளை பார்க்கப் போகேக்க சட்டையும் பவுடரும் கொண்டுபோறதை விட்டிட்டு ஒரு புத்தகம் கொண்டுபோவம் எண்டு முடிவெடுத்தம். பிள்ளை வளர்ப்புப் பற்றிய ஒரு நல்ல கைநூல். இரவு இரண்டு மணிக்குப் பிள்ளை அழுதால் எடுத்துப் பார்த்து நம்பக்கூடிய ஒன்று. அவ்வளவுதான் தேவை. கடைக்குப் போய் ஒரு மணித்தியாலத்தில் முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தோம்.

முடியவில்லை. கடைசியில் மேசையில் வந்து சேர்ந்தவை இவை: எங்களில் ஒருவரின் தாத்தாவுடைய அலுமாரியில் இருந்து எடுத்த, 1960களில் அச்சான ஆங்கிலப் புத்தகம் ஒன்று, அமெரிக்க வைத்தியர் பெஞ்சமின் ஸ்பொக் எழுதியது. தமிழில் ஒரு குழந்தை வளர்ப்பு நூல், எழுதியவர் யார், எந்த வருடம் என்று எதுவும் இல்லாதது. வெளிநாட்டில் இருந்து வந்த உறவினர் ஒருவர் கொண்டுவந்த, பால்மாக் கம்பனி ஒன்றின் வழவழப்பான இலவசக் கைநூல். இவற்றோடு, அந்த வீட்டில் ஏற்கெனவே இருந்த கிளினிக் கொப்பி.

எல்லாவற்றையும் பிள்ளையின் வீட்டுக்கே கொண்டுபோய், தாயையே தெரிவு செய்யச் சொன்னோம். ஸ்பொக்கைப் புரட்டிய ஒருத்தன், பிள்ளையை வயிற்றில் குப்புறக் கிடத்தி நித்திரை கொள்ள விடுவது நல்லது என்று எழுதியிருந்த இடத்தைத் தமிழாக்கிச் சொன்னான். பாயில் பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்த அம்மம்மா நிமிர்ந்து பார்த்தா.

"ஆர் தம்பி உப்பிடி எழுதினது? குப்புறக் கிடத்தினா மூச்செல்லோ அடைக்கும். பிள்ளை, நீ நிமிர்த்திக் கிடத்து."

நாங்கள் சிரித்தோம். உலகம் முழுக்க விற்ற புத்தகம் ஒரு பக்கம், ஐந்து பிள்ளை பெற்ற அம்மம்மா ஒரு பக்கம். வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. அம்மம்மா சொன்னதுதான் சரி. புத்தகம் பிழை. அந்தப் பிழை கிட்டத்தட்ட முப்பது வருடம் நீடித்தது, அதற்குப் பிள்ளைகள் உயிரைக் கொடுத்தார்கள். எந்தக் கைநூலை நம்புவது என்ற கேள்விக்குப் பதில் தேடுகிறவர்கள் முதலில் அந்தக் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறோம்.

வினாவிடை வடிவில் வந்த வைத்தியம்

பிள்ளை வளர்ப்பைப் புத்தகத்தில் பார்ப்பது எங்கட ஊர்களுக்கும் புதிதில்லை. யாழ்ப்பாணத்துச் சித்த வைத்திய நூலான பரராசசேகரத்தில் பாலரோகத்துக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் இருந்துகொண்டு ஆங்கில மருத்துவ நூல்களைத் தமிழாக்கியபோது, பிரசவ வைத்தியமும் அவற்றில் ஒன்றாக 1850களில் அச்சேறியது. ஆனால் இவை வைத்தியருக்கும் மாணவருக்கும் எழுதப்பட்டவை. தாய் தன் கையில் வைத்துக்கொண்டு, அடுத்த வீட்டு ஆச்சியைக் கேட்காமல் புத்தகத்தைக் கேட்கிற பழக்கம் வேறு. அது பரவலானது 19ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான்.

1894இல் நியூயோர்க்கின் குழந்தை வைத்தியர் லூதர் எமெட் ஹோல்ட் ஒரு சிறிய புத்தகம் வெளியிட்டார். பிள்ளை பார்க்கும் தாதிகளைப் பயிற்றுவதற்காகத் தொடங்கிப் பிறகு தாய்மாரிடம் போன புத்தகம் அது. முழுக்கக் கேள்வியும் பதிலும். ஆறுமுக நாவலரின் சைவ வினாவிடையைப் பாடமாக்கி வளர்ந்த எங்களுக்கு அந்த வடிவம் நல்ல பழக்கம். கேள்வி ஒன்று, பதில் ஒன்று. ஏன் என்று திருப்பிக் கேட்க இடமில்லை.

ஹோல்ட் சொன்னவற்றில் உயிர் காத்தவை நிறைய. அந்தக் காலத்து அமெரிக்க நகரங்களில் கோடை வந்தால் வயிற்றோட்டத்தில் குழந்தைகள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். அழுக்கான பால் அதற்குப் பெரிய காரணம். பாலைச் சுத்தமாக வை, போத்தலைக் கொதிக்கவை என்ற அவருடைய கண்டிப்பு தேவையான கண்டிப்பு. ஆனால் அதே குரலில்தான், கைக்குழந்தையோடு விளையாடாதே, அது பிள்ளையின் நரம்புக்குக் கெடுதி என்றும் சொன்னார். பிள்ளை அழுவது அதற்கு நல்ல தேகப்பயிற்சி என்றார். வாசித்த தாய்க்கு இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரிய வழியில்லை. ஒன்று அனுபவத்தில் சோதித்தது, மற்றது அவர் மனதுக்குப் பட்டது. பக்கத்தில் இரண்டும் ஒரே எழுத்தில்தான் அச்சாகியிருந்தன.

அடுத்தவர் நியூசிலாந்தின் ட்ரூபி கிங். மனநோயாளர் விடுதி ஒன்றின் பொறுப்பில் இருந்த வைத்தியர். 1907இல் அவர் தொடங்கிய பிளங்கற் சங்கம் வீடு வீடாகத் தாதிகளை அனுப்பியது. தாய்ப்பாலை வலியுறுத்தினார், அது நல்லது. ஆனால் நாலு மணித்தியாலத்துக்கு ஒருக்கால்தான் பால், இரவில் பாலே இல்லை என்று மணிக்கூட்டை வைத்துப் பிள்ளை வளர்க்கச் சொன்னார். அந்த முறை பிரித்தானியா வரை போனது. பசித்து அழுகிற பிள்ளையைத் தூக்கினால் பிள்ளை கெட்டுவிடும் என்று பயந்து, கதவுக்கு வெளியில் நின்று தானும் அழுத தாய்மாரின் கதைகள் அந்தத் தலைமுறையின் நினைவுகளில் திரும்பத் திரும்ப வருகின்றன.

மூன்றாமவர் ஜோன் வொற்சன். உளவியலாளர். 1928இல் அவர் எழுதிய நூல், பிள்ளையைக் கட்டிப்பிடிக்காதே, கொஞ்சாதே, மடியில் வைத்திருக்காதே என்றது. தவிர்க்க முடியாவிட்டால் இரவில் நெற்றியில் ஒரு முத்தம், காலையில் ஒரு கைகுலுக்கல். பல்கலைக்கழக வேலை போன பிறகு வொற்சன் விளம்பரக் கம்பனி ஒன்றில் உழைத்தவர். ஆட்களை எப்படி நம்பவைப்பது என்று அவருக்கு நல்லாய்த் தெரியும். சில வருடங்களுக்குப் பிறகு அந்தப் புத்தகத்தை எழுதியதற்காக வருந்துவதாகவும், அதை எழுதும் அளவுக்குத் தனக்கு விசயம் தெரிந்திருக்கவில்லை என்றும் அவரே எழுதினார். அதற்குள் அந்தப் புத்தகத்தின்படி வளர்ந்த பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டார்கள்.

இவர்கள் எல்லாரும் தனி ஆட்கள், அரசாங்கம் எழுதினால் பிழை வராதுதானே என்று கேட்கலாம். அமெரிக்க அரசின் சிறுவர் பணியகம் 1914இல் ஒரு கைநூலை வெளியிட்டது. எழுதியவர் மேரி மில்ஸ் வெஸ்ற், ஐந்து பிள்ளைகளின் தாய். இலவசமாகவும் மலிவாகவும் இலட்சக்கணக்கில் போன புத்தகம். அதன் முதல் பதிப்பில் விரல் சூப்புவது பெரிய ஆபத்து. பிள்ளை விரலை வாயில் வைக்காதபடி சட்டைக் கையை ஊசி போட்டு மூடச் சொன்னது. 1940களில் வந்த பதிப்பில் அதே பழக்கம் பெரிதாய்க் கவலைப்பட வேண்டாத ஒன்றாகிவிட்டது. ஒரே பணியகம், ஒரே புத்தகம், முப்பது வருடத்தில் தலைகீழ்.

ஆனால் இந்தக் கைநூலில் எங்களுக்குப் பிடித்த ஒரு விசயம் இருக்கிறது. அது பதிப்புக்குப் பதிப்பு திரும்ப எழுதப்பட்டது. முன்பு சொன்னதை மாற்றுவதற்கு ஒரு வழி அதற்குள்ளேயே இருந்தது. வொற்சனின் வருத்தம் அவருடைய வாசகரைப் போய்ச் சேரவில்லை. பணியகத்தின் மாற்றம் அடுத்த தாயின் கைக்குப் போனது.

நல்ல மனுசனின் பெரிய பிழை

1946இல் ஸ்பொக்கின் புத்தகம் வந்தது. மெல்லிய அட்டைப் பதிப்பு 25 சதத்துக்கு விற்றது. அவர் 1998இல் இறந்தபோது ஐந்து கோடிப் பிரதிகள் விற்றிருந்தன. ஒலிம்பிக் படகோட்டத்தில் தங்கம் வென்ற, மெத்தப் பண்பான மனுசன். ஹோல்ட்டும் கிங்கும் வொற்சனும் தாய்மாரை அதட்டிய காலத்துக்குப் பிறகு, உங்களை நீங்களே நம்புங்கோ, பிள்ளைக்குப் பசித்தால் பால் கொடுங்கோ, கொஞ்ச வேணும்போல இருந்தால் கொஞ்சுங்கோ என்ற அர்த்தத்தில் பேசிய முதல் பெரிய குரல் அவருடையது. தாத்தாவின் பிரதியில் ஓரங்களில் பென்சில் கோடுகள் இருக்கின்றன. அந்த வீட்டில் ஆரோ ஒரு தாய் அதை வாசித்து ஆறுதல் அடைந்திருக்கிறா.

இந்த நல்ல புத்தகம்தான், 1950களின் நடுப்பகுதிக்குப் பிறகு வந்த பதிப்புகளில், பிள்ளையைக் குப்புறக் கிடத்தச் சொன்னது. ஆரம்பப் பதிப்புகளில் அப்படி இல்லை. பிறகு சேர்த்தது. இரண்டு காரணம் சொன்னார். நிமிர்ந்து கிடக்கிற பிள்ளை பால் கக்கினால் அது புரையேறி மூச்சடைக்கலாம். மற்றது, ஒரே பக்கமாய்க் கிடந்தால் தலை தட்டையாகும். வாசித்தால் நியாயமாய்த்தான் படுகிறது. எங்களுக்கும் பட்டது. ஆனால் குப்புறக் கிடந்த பிள்ளைகளையும் நிமிர்ந்து கிடந்த பிள்ளைகளையும் எண்ணிப் பார்த்து எடுத்த முடிவல்ல அது.

ஸ்பொக் மட்டும் தனியே சொன்னதும் இல்லை. குறைமாதத்தில் பிறந்து மூச்சுவிடச் சிரமப்படுகிற குழந்தைகள் வைத்தியசாலையில் குப்புறக் கிடத்தினால் கொஞ்சம் நல்லாய் மூச்சுவிட்டார்கள். அங்கே பார்த்ததை வைத்தியரும் தாதிகளும் வீட்டுக்குப் போகிற சுகமான பிள்ளைகளுக்கும் பொருத்தினார்கள். வைத்தியசாலையில் அப்படிக் கிடத்தியதைக் கண்ட தாய் வீட்டிலும் அதையே செய்தா. புத்தகம் அதை உறுதிப்படுத்தியது.

உடம்பின் அமைப்பு இந்தப் பயத்துக்கு எதிராக இருந்தது. பிள்ளை நிமிர்ந்து கிடக்கும்போது மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் இருக்கிறது. கக்குகிற பால் கீழ்க்குழாயில் தேங்கும். மேலே ஏறி மூச்சுக்குழாய்க்குள் போவது கடினம். குப்புறக் கிடந்தால் இது தலைகீழாகிறது.

1970களிலும் 80களிலும் நெதர்லாந்து, பிரித்தானியா, நியூசிலாந்து, அவுஸ்திரேலியா போன்ற நாடுகளில், இரவு சுகமாகக் கிடத்திய பிள்ளை காலையில் இறந்து கிடக்கிற சம்பவங்கள் பெருங்கவலையாகின. நோய் இல்லை, காயம் இல்லை. தொட்டில் மரணம் என்று அதற்குப் பேர். பெற்றோரைப் பொலிஸ் விசாரித்தது. 1985இல் ஹொங்கொங்கில் இருந்து ஒரு வைத்தியர், இங்கே இந்த மரணம் அபூர்வம் என்று எழுதினார். அங்கே சீனக் குடும்பங்கள் காலங்காலமாய்ப் பிள்ளையை நிமிர்த்திக் கிடத்தித்தான் வளர்த்தன. அவர்களின் அம்மம்மாக்களும் எங்கட அம்மம்மா சொன்னதையே சொல்லியிருப்பார்கள்.

பிறகு எண்ணத் தொடங்கினார்கள். நெதர்லாந்தில் 1987இல் பேராசிரியர் டி யோங் முன்னின்று, குப்புறக் கிடத்தாதீர்கள் என்று பிரசாரம் தொடங்கியது. நியூசிலாந்தில் பெரிய ஆய்வு நடந்தது. பிரித்தானியாவின் பிரிஸ்டலில் பீற்றர் பிளெமிங்கும் சகாக்களும் செய்த ஆய்வு 1990இல் வெளிவந்தது. அடுத்த வருடம் தொலைக்காட்சி அறிவிப்பாளர் ஆன் டயமண்டின் கைக்குழந்தை இப்படி இறந்தது. அவர் அரசை விடாமல் நெருக்கினார். 1991 டிசம்பரில் பிரித்தானியா முழுக்க, பிள்ளையை நிமிர்த்திக் கிடத்துங்கள் என்ற பிரசாரம் தொடங்கியது. சில வருடங்களுக்குள் அந்த மரணங்கள் பாதிக்கு மேல் குறைந்தன. மருந்தில்லை, இயந்திரமில்லை. ஒரு சொல்லைத் திருத்தியதுதான். அமெரிக்காவில் பிரசாரம் 1994இல் வந்தது. ஸ்பொக்கின் புத்தகமும் பிந்திய பதிப்பில் திருத்தப்பட்டது.

2005இல் இலண்டனில் ரூத் கில்பேர்ட்டும் சகாக்களும் பழைய ஆய்வுகளையும் பழைய கைநூல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். அவர்களின் முடிவைத்தான் எங்களால் இன்னும் மறக்க முடியவில்லை. குப்புறக் கிடத்துவது ஆபத்து என்று காட்டும் தரவு 1970இலேயே இருந்தது. சிதறிக் கிடந்த அந்த ஆய்வுகளை அப்போதே ஒருவர் கூட்டிப் பார்த்திருந்தால், பிரித்தானியாவில் 10,000க்கு மேற்பட்ட பிள்ளைகளும், ஐரோப்பா, அமெரிக்கா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து எல்லாம் சேர்த்துக் குறைந்தது 50,000 பிள்ளைகளும் தப்பியிருக்கக்கூடும் என்று மதிப்பிட்டார்கள்.

இதை வாசித்து முடித்த அன்றைக்கு எங்களில் ஒருத்தி, தன்ர சின்னம்மாவைப் பற்றிச் சொன்னாள். 83க்குப் பிறகு இலண்டன் போனவ. அங்கே முதல் பிள்ளை பிறந்தது. ஊரில் இருந்து தாயோ மாமியோ போக ஏலாத காலம். கேட்பதற்கு ஒருவரும் இல்லை. வைத்தியசாலையில் சொன்னபடியும் புத்தகத்தில் இருந்தபடியும் குப்புறக் கிடத்தினா. மூன்றாம் மாதம் ஒரு காலமை பிள்ளை எழும்பவில்லை. அந்த ஒரு பிள்ளைக்கு நடந்தது எதனால் என்று இன்றைக்கு ஒருவராலும் சொல்ல முடியாது. ஆனால் சில வருடங்களுக்குப் பிறகு தொலைக்காட்சியில் அந்தப் பிரசாரம் வந்தபோது சின்னம்மா எழும்பிப்போய் அதை நிற்பாட்டினாவாம். "நான் ஒண்டும் பிழையாச் செய்யேல்லை, சொன்னதைத்தானே செய்தனான்" எண்டு இண்டைக்கும் சொல்லுவாவாம், ஒருத்தரும் கேட்காமலே.

ஆகவே கைநூலைத் தெரிவு செய்வது எங்களுக்கு இப்போது பரிசுப்பொருள் விசயமாய்த் தெரியவில்லை.

பாலுக்குப் பின்னால் உள்ள காசு

ஸ்பொக் பிழைவிட்டது நல்ல மனதோடு. எல்லாக் கைநூலும் நல்ல மனதோடு வருவதில்லை.

சிசிலி வில்லியம்ஸ் ஜமெய்க்காவில் பிறந்த வைத்தியர். இன்றைய கானாவில் வேலை செய்தபோது, அடுத்த பிள்ளை பிறந்ததும் பால் மறக்கடிக்கப்பட்ட குழந்தைகளுக்கு வருகிற போசாக்குக் குறைபாட்டு நோயை, அங்குள்ள கா மொழிச் சொல்லாலேயே குவாஷியோர்கர் என்று 1930களில் மருத்துவ உலகுக்கு அறிமுகப்படுத்தினார். ஊர்த் தாய்மாருக்கு அந்த நோய் ஏற்கெனவே தெரியும், அதற்குப் பேரும் வைத்திருந்தார்கள் என்பதை அவர் மறைக்கவில்லை. பிறகு மலாயாவுக்குப் போனார். அங்கே இனிப்பு ரின்பாலைக் கைக்குழந்தைக்கு நல்லதென்று விற்பதையும், அதைக் குடித்த பிள்ளைகள் சாவதையும் கண்டார். 1939இல் சிங்கப்பூர் ரோட்டரிக் கழகத்தில் அவர் ஆற்றிய உரையின் தலைப்பு "பாலும் கொலையும்". பிள்ளைக்குப் பொருந்தாத பாலைப் பற்றிப் பிழையான பிரசாரம் செய்து ஏற்படுத்துகிற சாவைக் கொலையாகவே பார்க்க வேண்டும் என்பது அவருடைய வாதம்.

அந்தப் பேச்சுக்கு நாற்பத்திரண்டு வருடம் கழித்து, 1981இல், உலக சுகாதார மாநாடு தாய்ப்பாலுக்குப் பதிலான பொருட்களின் விற்பனை பற்றிய சர்வதேச விதிமுறையை நிறைவேற்றியது. 118 நாடுகள் ஆதரவு, எதிராக ஒரே ஒரு நாடு, அமெரிக்கா. பொதுமக்களுக்கு விளம்பரம் செய்யக்கூடாது, தாய்மாருக்கு இலவச மாதிரி கொடுக்கக்கூடாது. இலங்கை 1980களின் தொடக்கத்திலேயே தனக்கென்று இப்படி ஒரு விதிமுறையை உண்டாக்கிய நாடுகளில் ஒன்று. எங்கட மேசையில் இருந்த அந்த வழவழப்பான கைநூலை இதற்குப் பிறகு திரும்ப எடுத்துப் பார்த்தோம். பொய் என்று சொல்லக்கூடிய வரி ஒன்றுமில்லை. தாய்ப்பால்தான் சிறந்தது என்றே தொடங்குகிறது. ஆனால் பக்கத்துக்குப் பக்கம், உங்களுக்குப் பால் போதாமல் இருக்கலாம், பிள்ளைக்கு நிறை போதாமல் இருக்கலாம் என்று ஒரு சின்னச் சந்தேகத்தை வைத்துவிட்டுப் போகிறது. அந்தச் சந்தேகத்துக்கு மருந்து பின்னட்டையில் படமாய் இருக்கிறது.

நிறை என்றதும் இன்னொரு கதை. கிளினிக் கொப்பியில் இருக்கிற வளர்ச்சிக் கோடுகளை நாங்கள் இயற்கையின் சட்டம் என்றுதான் நினைத்திருந்தோம். உலகம் முழுக்க நீண்ட காலம் பாவித்த பழைய கோடுகள் 1977இல் அமெரிக்காவில் உருவானவை. கைக்குழந்தைகளுக்கான பகுதி, பெரும்பாலும் போத்தல்பால் குடித்த, ஒகையோ மாநிலத்துப் பிள்ளைகளை அளந்து எடுத்தது. தாய்ப்பால் மட்டும் குடிக்கிற பிள்ளை முதல் சில மாதம் வேகமாக வளரும், பிறகு கொஞ்சம் நிதானிக்கும். பழைய கோட்டில் வைத்துப் பார்த்தால் அந்தப் பிள்ளை மெலிகிறது போலத் தெரியும். நல்லாய் வளர்கிற பிள்ளையைப் பார்த்து, பால் காணாது, மா கரைத்துக் கொடு என்று சொல்லவைத்தது கோடுதான். உலக சுகாதார தாபனம் பிரேசில், கானா, இந்தியா, நோர்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில், தாய்ப்பால் குடித்த பிள்ளைகள் உட்பட ஏறத்தாழ 8,500 பிள்ளைகளை அளந்து 2006இல் புதிய கோடுகளை வெளியிட்டது. தனித் தாய்ப்பால் நாலிலிருந்து ஆறு மாதம் வரை என்றிருந்ததை 2001இல் முழு ஆறு மாதம் என்று மாற்றியதும் அதே தாபனம்தான். மூத்த பிள்ளைக்கு நாலாம் மாதம் சோறு தீத்திய தாய், இளையதுக்கு ஆறாம் மாதம் வரை பொறு என்று கேட்டுக் குழம்பியது இதனால்தான். மிட்வைஃப் அக்கா மாற்றிச் சொன்னா என்று ஏசியவர்கள் எங்கட வீடுகளிலும் இருக்கிறார்கள். மாற்றிச் சொன்னது அவவின் பிழையில்லை.

கிளினிக் கொப்பி

இப்படிச் சுற்றி வந்து கடைசியில் அந்தக் கொப்பியில்தான் நின்றோம். பெருமைக்காகச் சொல்லவில்லை. 1926இல் களுத்துறையில் முதல் சுகாதார அலகு தொடங்கிய காலத்தில் இருந்து, வீடு தேடி வருகிற மிட்வைஃப் இந்த நாட்டின் வழக்கம். 1940களின் நடுவில் இலங்கையில் பிறந்த ஆயிரம் பிள்ளைகளில் 140 அளவில் ஒரு வயதுக்குள் இறந்தன. இன்று அந்த எண்ணிக்கை பத்துக்கும் கீழே. மலேரியாக் கட்டுப்பாடு, இலவச வைத்தியம், பெண்களின் படிப்பு என்று காரணங்கள் பல. அவற்றில் ஒன்றாக, படலையைத் திறந்து வந்து பிள்ளையை நிறுத்துப் பார்க்கிற அந்தப் பெண்ணும் இருக்கிறா. கொப்பியின் பெறுமதியும் அதுதான். வாசித்து விளங்காததைக் கேட்க, புத்தகத்துக்குப் பின்னால் ஒரு ஆள் இருக்கிறா.

ஆனால் குறை இல்லாமல் இல்லை. எங்களில் ஒருவனின் அக்கா மலையகத் தோட்டமொன்றில் இருக்கிறா. அவவுக்குக் கிடைத்த கொப்பி சிங்களத்தில். தமிழ்க் கொப்பி முடிந்துவிட்டது, வந்ததும் தாறம் என்றார்களாம். பிள்ளை நடக்கத் தொடங்கியும் வரவில்லை. கொழுந்து நிறுக்கிற தராசின் இலக்கத்தை வாசிப்பது போல, பிள்ளையின் நிறை இலக்கத்தை மட்டும் வாசித்தாவாம். எவ்வளவு சரியான கைநூலும் தாய்க்கு விளங்காத மொழியில் இருந்தால் வெற்றுத்தாள்தான். நம்பகம் என்றால் என்ன என்று பேசுகிற நேரத்தில் இதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

சரி, கொப்பியில் இல்லாததை எங்கே பார்ப்பது? வேறு புத்தகம் வாங்கவே கூடாதா? வாங்கலாம். வாங்க முன் கேட்பதற்கு நாங்கள் எழுதி வைத்தவை இவை.

எப்ப எழுதினது? வருடமும் பதிப்பும் இல்லாத புத்தகத்தைத் திரும்ப வைத்துவிடலாம். 1990க்கு முந்தியது என்றால் வரலாறாய் வாசிக்கலாம், பிள்ளைக்கு வேண்டாம்.

ஏன் எண்டு சொல்லுதா? இப்படிச் செய் என்பதோடு நிற்காமல், எதை எண்ணிப் பார்த்து அப்படிச் சொல்கிறது என்று காட்ட வேண்டும். இது உறுதி, இது எழுதியவரின் அபிப்பிராயம் என்று பிரித்துச் சொன்னால் இன்னும் நல்லது. ஹோல்ட்டிடம் இல்லாதது இதுதான்.

ஆர் காசு குடுத்தது? விற்பதற்கு ஏதாவது பின்னட்டையில் இருக்கிறதா என்று பாருங்கோ.

முந்திச் சொன்னதை மாத்தியிருக்கா? மாற்றியதை ஒளிக்காமல் சொல்கிற நூலை நம்பலாம். ஒருநாளும் பிழைவிடாத மாதிரிப் பேசுகிற நூலில்தான் பயப்பட வேண்டும்.

எப்ப புத்தகத்தை மூடிவைச்சிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடோணும் எண்டு சொல்லுதா? பால் குடிக்க மறுப்பது, வலிப்பு, வேகமான மூச்சு, நெஞ்சு உள்ளிழுப்பது, பிறந்த பிள்ளைக்குக் காய்ச்சல் அல்லது உடம்பு குளிர்வது. இவற்றுக்கு வீட்டு வைத்தியம் சொல்கிற எந்தக் கைநூலும் ஆபத்தானது.

இதே கேள்விகளை அம்மம்மாவிடமும் கேட்க வேண்டியிருந்தது. நிமிர்த்திக் கிடத்துவதில் அவ சரி. ஆனால் முதல் வருகிற மஞ்சள் பாலைப் பிழிந்து ஊற்றச் சொன்னதும் அவதான். அந்தப் பாலில்தான் பிள்ளைக்கு நோயெதிர்ப்பு அதிகம். சீனித்தண்ணியும் கோரோசனையும் கொடுக்கச் சொன்னதும் அவதான். ஹோல்ட்டைப் போலத்தான் அவவும். சரியும் பிழையும் ஒரே குரலில், ஒரே நிச்சயத்தோடு வருகின்றன.

கடைசியில் நாங்கள் கொடுத்தது கொப்பிக்கு ஒரு பிளாஸ்ரிக் உறை. உறைக்குள் இந்தக் கேள்விகள் எழுதிய தாள். தாத்தாவின் ஸ்பொக்கை எறிய மனம் வரவில்லை. அந்தப் பக்கத்தில் ஒரு துண்டு ஒட்டி, "இது பிழை. பிள்ளையை நிமிர்த்திக் கிடத்தவும்" என்று எழுதி, வருடத்தையும் போட்டு அலுமாரியில் திரும்ப வைத்தோம்.

அடுத்தமுறை போனபோது அம்மம்மா கேட்டா: "என்ன தம்பி, உந்தப் புத்தகத்தில மாத்திப் போட்டினமோ?"

"ஓம் அம்மம்மா, எப்பவோ மாத்திப் போட்டினம். நீங்கள் சொன்னதுதான் சரி."

"அப்ப சரி," எண்டா. கொஞ்ச நேரம் பொறுத்து, "அப்ப கோரோசனை?"

அந்தச் சண்டை இன்னும் முடியேல்லை.